நாய்க்கதைக்குள் நுழைந்த கவிதைகள்

கட்டடம் நிறையக் காகிதமும், காகிதம் நிறையக் கருத்தும், கருத்து நிறையக் கனிவும் கொண்ட இந்தப் பொது நூலகத்தின் புதிய அறைத் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும், நான் இன்னும் தொடங்கவே இல்லை என்றாலும் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும், மாண்புமிகு தலைமை நூலகர் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசித் தீர்த்துவிட்ட அன்பு நண்பர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் முதியோரே! வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தீர்களோ, வீட்டில் உள்ளவர்களிடம் விட்டுவிட்டு வந்தீர்களோ, எப்படியோ வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! இருக்கை கிடைக்காமல் சுவரோடு சுவராக நின்றாலும் சிரித்த முகத்தோடு நிற்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த எளியவனின் இதயம் கனிந்த வணக்கம்!

என்ன? பின்னால் கேட்கவில்லையா? ஒலிபெருக்கித் தம்பி, கொஞ்சம் ஏற்றுப்பா. ம்... இப்போது? கேட்கிறதா? கேட்கிறது என்று கையைத் தூக்குகிறார்கள். நன்றி, நன்றி. கையைத் தூக்கியவர்கள் எழுந்து போகாமல் இருந்தால் இன்னும் நன்றி.

என்னை அறிமுகப்படுத்திய நண்பர் 'நாவலாசிரியர்' என்றார். உடம்பெல்லாம் கூசிப்போனது எனக்கு. அன்பர்களே, நான் பகலில் மருந்துக் கடைக்காரன். மாலையில் நாய்க்கதைக்காரன். கடைக்கு வருகிறவர்கள்கூட மருந்துச் சீட்டை நீட்டும்போதே, "நாய்க்கதைக்காரரே, இருமலுக்கு இது போதுமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் விழா எடுத்துக் கொடுத்த பட்டம் இல்லை. இருமிக்கொண்டே கொடுத்த பட்டம்.

என் கதைகளைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. என்னம்மா, அங்கே தலையைக் குனிகிறீர்கள்? படிக்கவில்லை என்றால் பாவமில்லை. கதை இதுதான். ஒரு மரச்சாமான் கடை. அந்தக் கடைக்குள் ஒரு நாய். யாரும் வளர்க்கவில்லை, அதுவாக வந்து சேர்ந்தது. காலையில் தாமதமாக வரும். வந்ததும் ஒரு சோபாவைத் தேர்ந்தெடுத்துப் படுக்கும். பன்னிரண்டு மணிக்கு ஒரு கண்ணைத் திறந்து எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று பார்க்கும். மறுபடியும் மூடிக்கொள்ளும். அதனால் கடை ஊழியர்கள் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான மேனேஜர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் யாரும் எழுந்து நிற்பதில்லை! நாய் எந்தச் சோபாவில் படுக்கிறதோ அந்தச் சோபா அன்றைக்கு விற்றுப் போகும். இந்த நாயை நடுவில் வைத்து நான் நான்கு நாவல் எழுதிவிட்டேன். வெட்கமே இல்லாமல் ஐந்தாவதும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். ஆனால் சிரிக்காதவர்களும் உண்டு. ஒரு கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர், மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "எப்போது ஐயா சீரியஸாக எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "நாய் கொஞ்சம் பெரியவனாகட்டும் ஐயா, பொறுப்பு வந்துவிடும்" என்றேன். அவர் அதற்கும் சிரிக்கவில்லை.

நான் கேட்கிறேன். சிரிக்க வைப்பது சிறிய வேலையா? பல் மருத்துவர் வாசலில், வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த ஒரு மனிதர் என் புத்தகத்தைப் படித்துவிட்டு, "ஐயோ, ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வலியோடு வந்தவர் வலியோடுதான் சிரித்தார். ஆனால் சிரித்தார்! அந்தச் சிரிப்பு சில்லறையா? எளிமையாக எழுதினால் இளக்காரமா? புரியும்படி எழுதினால் பாவமா? புரியாமல் எழுதினால்தான் புகழா? வாசலைத் திறந்து வைத்தவன் வீட்டில் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? பூட்டு பெரிதாக இருந்தால் போதும், உள்ளே புதையல் இருக்கிறது என்று நம்பிவிடுவதா?

ஆகா, இந்தக் கைத்தட்டல் போதும். இதோடு இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் இறங்க மாட்டேன். ஏனென்றால் உங்களிடம் சொல்ல ஒரு கதை கொண்டு வந்திருக்கிறேன். நாய்க்கதையும் கவிதையும் ஒன்றோடொன்று கலந்துபோன கதை. சொல்லவா? சொல்லட்டுமா? தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தாலும் சொல்லட்டுமா?

மக்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள் அம்மையாரே, இனி என் கையில் ஒன்றுமில்லை.

என் நான்காவது நாவல் அச்சாகி முடிந்த நேரம். புத்தகம் எப்படி உருவாகிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கத்தை ஒன்றாக அச்சடிப்பார்கள். அதை மடித்தால் ஒரு கட்டு. அதற்கு ஃபாரம் என்று பெயர். பைண்டிங் கூடத்திலே ஒரு நீண்ட மேசை. அதன் மேல் முதல் ஃபாரம் ஒரு குவியல், இரண்டாவது ஃபாரம் ஒரு குவியல் என்று வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து, குவியலுக்கு ஒன்று, குவியலுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். பேசிக்கொண்டே நடப்பார்கள், பாடிக்கொண்டே நடப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். கை மட்டும் ஒரு குவியலையும் தவறவிடாது. ஒரு நாள் முழுக்க அப்படி நடந்தால் அடுத்த ஊருக்கே போய்விடலாம், ஆனால் அவர்கள் அதே மேசையைத்தான் சுற்றியிருப்பார்கள்.

அந்தக் கூடத்தில் அன்றைக்கு இரண்டு மேசையில் இரண்டு புத்தகம். ஒரு மேசையில் என் நாய். அடுத்த மேசையில் ஒரு கவிதைத் தொகுப்பு. யாருடையது? ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். அவருடைய முதல் புத்தகம். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே தாள்.

வந்ததய்யா மழை! சாதாரண மழையா? கூரையைத் தட்டி, "நானும் உள்ளே வரலாமா" என்று கேட்காமலே வந்த மழை! கவிதை இருந்த மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. கவிதைப் புத்தகத்தின் முதல் ஃபாரம், அதாவது தலைப்பும் கவிஞரின் பெயரும் முன்னுரையும் இருந்த குவியல், தொப்பலாக நனைந்துவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று பைண்டிங் அக்கா, அந்தக் கூடத்துக்கே பொறுப்பானவர், மற்ற குவியல்களை வாரி எடுத்து, என் நாவல் இருந்த மேசையில் இடைவெளி இருந்த இடத்தில் எல்லாம் வைத்துவிட்டார். வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆள் தேடிப் போய்விட்டார்.

அப்புறம் என்ன நடந்திருக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்! ஆங்... அந்த அம்மா சரியாகச் சொல்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள் வழக்கம்போல நடந்தார்கள். குவியலுக்கு ஒன்று, குவியலுக்கு ஒன்று. நாய் ஒன்று, கவிதை ஒன்று. நாய் ஒன்று, கவிதை ஒன்று! தைத்தார்கள், பசை தடவினார்கள், என் நாய் சோபாவில் படுத்திருக்கும் அட்டையை ஒட்டினார்கள், முதல் கட்டைப் புத்தகக் கடைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை என் கடைக்கு ஃபோன். புத்தகக் கடைக்காரர்.

"சார், உங்க நாய் எப்ப சார் கவிதை எழுத ஆரம்பிச்சுது?"

"என்ன சொல்றீங்க?"

"மேனேஜர் சோபாவுல ஏறிப் படுக்குது. பக்கத்தப் புரட்டுறேன், திடீர்னு கவிதை. குடையைப் பத்தி ஒண்ணு, எக்ஸ்ரேயைப் பத்தி ஒண்ணு. மறுபடி புரட்டினா நாய் எந்திரிச்சு கொட்டாவி விடுது. ஆனா ஒண்ணு சார், நல்லாத்தான் இருக்கு!"

கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பைண்டிங் கூடத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். மருத்துவமனைச் சீருடை. கையில் என் நாய் அட்டை போட்ட புத்தகம், அதன் நடுவே அவருடைய கவிதை. முகம் எப்படி இருந்தது தெரியுமா? எக்ஸ்ரே எடுக்காமலே உள்ளே உடைந்திருப்பது தெரிந்தது.

பைண்டிங் அக்காவோ, குற்றவாளிக் கூண்டில் ஏற மறுக்கும் ஆளைப்போல நின்றார். "மழை பண்ண வேலைம்மா! எங்க பொண்ணுங்க ஒழுங்காத்தான் சுத்துனாங்க. ஒரு குவியலக்கூட விடல. வேணும்னா எண்ணிப் பாருங்க!"

"அதான் அக்கா பிரச்சினையே! ஒண்ணக்கூட விடலியே!" என்றார் அந்தப் பெண்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். "இந்த நாய் என்னோடதுதான்மா. மன்னிச்சுக்குங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் நாய் அவர் வீட்டுக்குள் புகுந்து செருப்பைக் கடித்ததுபோல இருந்தது.

சரி, இதிலே என்ன பெரிய ஆபத்து? பிரித்துத் திரும்பத் தைத்தால் போயிற்று. அனுப்பிய கட்டைத் திரும்ப வாங்கினால் போயிற்று. கடைக்காரரையும் கேட்டோம். "எல்லாம் அப்படியே இருக்கு சார். ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர். உங்க நாய்க்கு அவரு ரொம்ப நாள் ரசிகர். வந்துருச்சா வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. காலைல கடை திறந்ததும் வாங்கிட்டுப் போயிட்டாரு."

அந்தப் பெண்ணின் கையிலிருந்த புத்தகம் மேசையில் விழுந்தது.

"அது எங்க அப்பா சார்."

அன்பர்களே! தாய்மார்களே! இதுவரை சிரித்தீர்கள். இனிமேலும் சிரிக்கத்தான் போகிறீர்கள். நடுவிலே கொஞ்சம் என்னோடு அமைதியாக வாருங்கள். அந்தப் பெண்ணும் நானும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். அப்பா எங்கே வேலையில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை அவர் படிக்கும் முன் வாங்கிவிட வேண்டும். போகிற வழியிலே அவர் சொன்னதை உங்களிடம் சொல்லலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவருடைய அப்பாவுக்குக் கவிதை என்றால் பயம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றோடு சரி. மகள் பத்திரிகையில் கவிதை வந்திருக்கிறது என்று காட்டினால், படத்தைப் பார்ப்பார், மகளின் பெயரைத் தடவிப் பார்ப்பார், "நல்லா இரும்மா. அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். எனக்குப் புரியாது" என்று மடித்துப் பத்திரமாக வைத்துவிடுவார். படிக்க மாட்டார். ஒரு வரி, ஒரே ஒரு வரிகூடப் படித்ததில்லை.

"இந்தத் தொகுப்புல, அப்பா வாயில வராத வார்த்தை ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு எழுதினேன் சார். எழுதிட்டு, இந்த வார்த்தைய அப்பா பேசுவாரான்னு யோசிப்பேன். பேச மாட்டார்னா அடிச்சிடுவேன். வெளியீட்டு விழாவுல முதல் பிரதிய அவரு கைல குடுத்து, 'அப்பா, ஒரு பக்கம் படிங்கப்பா, உங்களுக்குப் புரியும்'னு சொல்லணும்னு இருந்தேன். இப்ப நாய்க் கவிதைன்னு நினைச்சுப் படிச்சு சிரிச்சிட்டார்னா... அப்புறம் அது என்னுதுன்னு நான் எப்படி சார் சொல்வேன்? எந்த முகத்த வெச்சுக்கிட்டு சொல்வேன்?"

ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் வேகமாப் போங்கப்பா" என்றேன்.

ஒரு மகள், தன் தகப்பன் படிக்க வேண்டும் என்பதற்காக, தன் மொழியையே தகப்பனின் மொழியாக மாற்றிக்கொண்டாள். இதை எளிமை என்கிறோம். சில பேர் இதை எழுதத் தெரியாதது என்கிறார்கள்! எழுதத் தெரியாமல் எளிமை வருமா ஐயா? கடினமான வார்த்தை கையை நீட்டினால் கிடைக்கும். எளிமையான வார்த்தைக்குத்தான் தேட வேண்டும், திருத்த வேண்டும், அடிக்க வேண்டும், அழ வேண்டும்!

போய்ச் சேர்ந்தோம். எட்டு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'பழுதுபார்க்கப்படுகிறது.' யார் பழுது பார்க்கிறார்? அப்பாதான்! எங்கே இருக்கிறார்? மொட்டை மாடிக்கு மேலே, மோட்டார் அறையில்! எட்டு மாடியும் நடந்துதான் ஏற வேண்டும்!

என் உடம்பைப் பார்க்கிறீர்கள். மறைக்க முடியாத உடம்பு. அந்தப் பெண் மான்போல ஏறினார். நான் மரச்சாமான்போல ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒரு அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்திலும் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, "லிஃப்ட் எப்ப சார் சரியாகும்?" என்று என்னைக் கேட்டார். மூச்சு இருந்தால்தானே பதில் சொல்ல!

உச்சிக்குப் போனோம். மோட்டார் அறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாப்பாட்டு நேரம். கருவிப் பெட்டியை இருக்கையாகப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய கூட்டாளி மெக்கானிக், பக்கத்தில் அந்தக் கட்டடத்துக் காவலாளி. அப்பா மூக்குக்கண்ணாடி மாட்டி, கிரீஸ் படாமல் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்! எதை? அதையே!

அந்தப் பெண் உள்ளே பாயப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே நிமிஷம்மா. எனக்கு மூச்சு வரட்டும்" என்றேன். மூச்சு மட்டும் காரணமில்லை அன்பர்களே. எந்த எழுத்தாளனுக்கும், தன்னை யாரோ சத்தமாக வாசிப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பாக்கியம் கிடைத்தால் விடுவானா?

நாய் சோபாவை மோப்பம் பிடிக்கும் கட்டம். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா பக்கத்தைப் புரட்டினார். குரலை மாற்றிக்கொண்டு வாசித்தார்:

"மூச்சை இழுத்துப் பிடிங்க என்கிறேன்.
பிடிக்கிறார்கள்.
இப்ப விடுங்க என்று
நான் சொல்ல மறந்துவிட்டால்
பிடித்தபடியே வீட்டுக்குப் போவார்களோ என்று
தினமும் எனக்கொரு பயம்."

"ஹாஹா! நாய எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க போல!" என்றார் காவலாளி.

"இல்லய்யா, நாயே எக்ஸ்ரே எடுக்குது!" என்றார் கூட்டாளி.

"எது எடுத்தா என்ன? பாவம், நல்ல மனசு இந்த நாய்க்கு. எல்லாருக்காகவும் பயப்படுதே" என்றார் அப்பா.

என் பக்கத்தில் நின்ற பெண்ணின் நகம் என் கையில் பதிந்தது. அவர் பயந்தது நடந்துவிட்டது. நாய் என்று நினைத்து அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். "போதும் சார், நான் போறேன், கீழ போயிடலாம்" என்று காதில் சொன்னார். எட்டு மாடி ஏறி வந்தவர் அப்படியே இறங்கப் போனார்.

அதற்குள் அப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"அப்பா லிஃப்ட் மெக்கானிக்.
எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இல்லை."

"அட! நாயோட அப்பனும் நம்ம தொழில்தான்யா!" என்று கூட்டாளி தொடையில் தட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"வேலை முடிந்து
நாலு மாடி ஏறி வருவார்.
ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார்.

மூச்சு வாங்குதாப்பா என்று
மேலிருந்து கேட்பேன்.
இல்லடா, படி எண்ணுறேன்
என்பார்."

நிறுத்திவிட்டார்.

கூட்டாளி பார்த்தார், காவலாளி பார்த்தார்.

"என்னண்ணே, நிறுத்திட்டீங்க? நாயோட அப்பா கத நல்லாத்தானே இருக்கு. படிங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார். அந்த வரியை மனசுக்குள் இன்னொரு தரம் படித்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

"இது நாய் இல்லப்பா" என்றார். "இது என் பொண்ணு."

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். நானும் துடைத்துக்கொள்கிறேன்.

மிச்சத்தையும் அவர் படித்தார். சத்தமாகத்தான் படித்தார். ஆனால் யாருக்காகவும் படிக்கவில்லை.

"இத்தனை வருஷமாக எண்ணியும்
அவருக்குக் கணக்கு முடியவில்லை.

இந்த மாதம் எனக்குச் சம்பளம் கூடியது.
லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்க்கிறேன் அப்பா.
எண்ணியது போதும்."

அதற்கு மேல் நான் பிடித்தாலும் அந்தப் பெண் நிற்பாரா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. புத்தகத்தை நீட்டிக் கேட்டார்:

"ஏம்மா, இத நீயா எழுதின?"

"ஆமாப்பா."

"எனக்குப் புரியுதே!"

அதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை, ஏதோ மோசடி நடந்துவிட்டதுபோலச் சொன்னார். "கவிதைன்னா புரியாதுல்ல? இது எனக்குப் புரியுதே! அப்ப இவ்வளவு நாளும் நீ எழுதினதெல்லாம் எனக்குப் புரிஞ்சிருக்குமா? நான்தான் படிக்காம விட்டுட்டேனா?"

"இனிமே படிங்கப்பா" என்றார் மகள். அழுதுகொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் குடை?"

"நான்தான்பா."

"எக்ஸ்ரே?"

"அதுவும் நான்தான்."

"அப்ப நாய்?"

"நாய் இவர்" என்று என்னைக் காட்டினார்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு மோட்டார் அறையும் இப்படித்தான் சிரித்தது. ரசிகர் தன் எழுத்தாளரை முதல் முதலாகச் சந்திக்கும் புனிதமான தருணம் அல்லவா? அவர் எழுந்தார். என் கையைப் பிடித்தார். உணர்ச்சியோடு சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாய விட என் பொண்ணு நல்லா எழுதுறா."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விமரிசனத்திலேயே நான் மறுக்காத விமரிசனம் அது ஒன்றுதான்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். முடிக்கச் சொல்லி இருக்கும் என்று பார்த்தால், 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று எழுதியிருக்கிறார்! வாழ்க அம்மையார்!

அப்புறம், பைண்டிங் அக்கா எல்லாப் பிரதியையும் பிரித்தார், நனைந்துபோன முதல் ஃபாரத்தைத் திரும்ப அச்சடித்து வாங்கினார், என் நாயை என்னிடமும் கவிதையைக் கவிஞரிடமும் சேர்த்துத் தைத்தார். ஒரு பிரதியை மட்டும் அவரால் பிரிக்க முடியவில்லை. அப்பா தரவில்லை. "நல்ல புத்தகம் ரெண்டு தர்றேண்ணே, அதக் குடுங்க" என்று கேட்டுப் பார்த்தார். "இதுவே நல்ல புத்தகம்தான். மழைக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியீட்டு விழாவும் நடந்தது. முதல் பிரதியை அப்பா வாங்கினார். ஒரு பக்கம் இல்லை, மேடையிலேயே உட்கார்ந்து பாதிப் புத்தகம் படித்துவிட்டார். பேசியவர்கள் பேசியதை அவர் கேட்கவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். அவரைக் கவிதைக்குக் கூட்டி வந்தது எது? பாடப் புத்தகமா? பயமா? பிரம்பா? பெஞ்சா? இல்லை! சோபாவில் படுத்திருந்த ஒரு சோம்பேறி நாய்! சிரிக்கலாம் என்று உள்ளே வந்தார். சிரிப்பு அவரைப் பயமில்லாமல் உட்கார வைத்தது. பயம் போன இடத்திலே கவிதை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தெரிந்த வார்த்தையில் பேசியது. அவரைப் பற்றியே பேசியது!

ஆகவே நான் சொல்கிறேன். இலகுவான கதையைப் படிப்பவரே, அட்டையை மறைத்துப் பிடிக்காதீர்கள்! புரியும் கவிதையை ரசிப்பவரே, மன்னிப்புக் கேட்காதீர்கள்! பேருந்தில் படியுங்கள், வரிசையில் நின்று படியுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்துப் படியுங்கள்! ஒரு நாய் வாலாட்டும் கதை உங்களைச் சிரிக்க வைத்தால் அது நல்ல கதை! நான்கு வரிக் கவிதை நாலு தெரு தள்ளி இருக்கும் உங்கள் அப்பாவுக்கு ஃபோன் போட வைத்தால் அது நல்ல கவிதை! கனமான நூல்கள் வாழட்டும், அவற்றைத் தூக்கும் தோள்கள் வாழட்டும். ஆனால், நாள் முழுக்கப் பாரம் தூக்கிவிட்டு வருகிறவருக்குக் கையில் கொடுக்க, லேசான ஒரு புத்தகமும் வேண்டும் ஐயா! வேண்டும் அம்மா! வேண்டும், வேண்டும், வேண்டும்!

இறுதியாக ஒன்று. வெளியீட்டு விழா முடிந்த சில நாட்களில், சாயங்கால நேரத்தில், அந்த அப்பா இந்த நூலகத்துக்கு வந்திருக்கிறார். முதல் முறை. வேலை உடையோடு, வாசலிலேயே நின்றிருக்கிறார். நம் தலைமை நூலகர் அம்மையார் எழுந்து போய், "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்:

"மேடம், என் பொண்ணு புத்தகத்தப் படிச்சு முடிச்சிட்டேன். இந்த மாதிரி புரியுற கவிதை... வேற யாராவது எழுதியிருக்காங்களா?"

அம்மையார் அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த அந்தப் புத்தகங்களுக்கெல்லாம், இன்று நாம் திறந்திருக்கும் இந்த அறைதான் வீடு. அவர் கேட்ட கேள்விக்கு இந்த நூலகம் கட்டிய பதில்!

செவி கொடுத்த பெரியோருக்கு நன்றி. சிரிப்புக் கொடுத்த தாய்மார்களுக்கு நன்றி. நின்றுகொண்டே கேட்ட கால்களுக்குத் தனி நன்றி. என் பேச்சு முடிந்தது, அறையின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போங்கள், உங்களுக்குப் புரிகிற ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்!